கடைசி ஸ்டாண்ட் மட்டும்

ஏசியை நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு நேரமும் அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் ஞானாதிக்கத்துக்குத் தெரிந்தது. அரங்கம் முழுக்க எழுந்து நடந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. முன்வரிசையில் ஒருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவது கேட்டது, பால்கனியில் ஒரு நாற்காலி முனகியது, வெளியே வேப்பேரிச் சாலையில் ஒரு பஸ் கியர் மாற்றிக்கொண்டு போனது. சிம்பொனியோட நாலாம் பகுதிக்கு நிசப்தம் வேணும், ஏசி வேண்டா, ஃபேன் வேண்டா, கதவு சாத்தணும், ஆளுகள் வேர்த்தால் வேர்க்கட்டும், பதினோரு நிமிஷம்தானே என்று ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிற கண்டக்டர் மாத்தன் ஒரு வாரமாக, அரங்கம் இருக்கிற பள்ளிக்கூடத்து மேனேஜரின் பின்னால் நடந்து வாங்கின வரம் இது. லண்டனில் படித்துவிட்டு வந்த முப்பத்தாறு வயசு மலையாளிப் பையன், ஒல்லி, கோட்டுக்குள் ஹேங்கர் மட்டும் நிற்பதுபோல நிற்பான், ஆனால் கையைத் தூக்கினால் அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். இப்போதும் தூக்கியிருந்தான். பிடித்துக்கொண்டார்கள். கை இறங்கியது, முதல் வயலின்கள் சத்தமே இல்லாத ஒரு சத்தத்தில் ஆரம்பித்தன. பதினோரு நிமிஷம். ஞானாதிக்கம், வயலினைவிட ஒரு சுற்றுப் பெரிதான தன் வயோலாவைத் தாடைக்கடியில் செருகிக்கொண்டு, வில்லைத் தந்தியின்மேல் வைத்தார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை. இப்போதைக்கு ஆறு வயோலாக்களும் சேர்ந்து வாசிக்கின்றன, ஆறில் ஒன்றை யாரும் தனியாகக் கேட்க முடியாது, கடவுளுக்கு வேண்டுமானால் கேட்கும், அவருக்கு இந்நேரம் வேறு வேலை இருக்கும். ஆபத்து கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், ஆறு பாரில், ஆறே ஆறு தாளக் கட்டத்தில், இந்தச் சிம்பொனியை எழுதின வெள்ளைக்காரர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: கடைசி ஸ்டாண்ட் மட்டும், மற்றவர்கள் வேண்டாம். முழு ஆர்க்கெஸ்ட்ராவும் நின்றுபோன பிறகு, ஒரே நோட்ஸ் ஸ்டாண்டைப் பகிர்ந்துகொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டே இரண்டு வயோலாக்கள். மேல் சுரம் பக்கத்து நாற்காலி விசாலிக்கு. கீழ்ச் சுரம் அவருக்கு. அதோடு சிம்பொனி முடிகிறது.

இப்படியும் எழுதுவானா ஒருவன். முப்பத்தோரு வருஷமாக சினிமா ரெக்கார்டிங்கில் வாசித்தவர் அவர். சோலோ என்றால் முதல் ஸ்டாண்டுக்குத்தான் வரும், பின்னால் இருப்பவனிடம் யார் என்ன கேட்கப் போகிறார்கள், பின்னால் இருப்பவன் கனம் சேர்ப்பதற்கு, சாம்பாரில் பருப்பு மாதிரி. அந்த நம்பிக்கையில்தானே பின்னால் போய் உட்கார்ந்தார். இருபது வருஷம் முதல் ஸ்டாண்டில் இருந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், எனக்கு அந்த விளக்கு கண்ணைக் கூசுது, நான் பின்னாடி போயிக்கிறேன், அருள்தாஸ் முன்னாடி வரட்டும் என்றார். எல்லோரும் எவ்வளவு புகழ்ந்தார்கள். பெரிய மனுஷன்யா, இடத்தை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும், ஞானண்ணன் ஞானண்ணன்தான். முன் ஸ்டாண்ட் கிடைத்த அருள்தாஸ் காலைத் தொடாத குறை. அவர் தலையைக் குனிந்துகொண்டு பின்வரிசைக்கு நடந்தார், அதையும் பணிவு என்றார்கள். அதற்கு முந்தின வியாழக்கிழமைதான், ஒரு படத்துக்கு நீளமான மெல்லிய சுரம் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தபோது, வலது மணிக்கட்டுக்குள் ஏதோ ஒன்று தட்டிற்று. உள்ளேயிருந்து. வாடகைக்கு இருப்பவன் கதவைத் தட்டுகிற மாதிரி. வில் தந்தியின்மேல் துள்ளியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஏதோ கரகரன்னு வருது, மைக்கைப் பாருங்க என்றார்கள். மைக்கைப் பார்த்தார்கள். மைக்கை மாற்றினார்கள். அடுத்த டேக்கில் கை சும்மா இருந்தது, மைக்கின் மேல் பழி போயிற்று. பாவம் அந்த மைக். காப்பியைக் குறைத்தார். காப்பியை விட்டார். கைக்குக் காப்பியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வேகமாக வாசிக்கும்போது ஒன்றுமில்லை, உரக்க வாசிக்கும்போது ஒன்றுமில்லை, ஆனால் சட்டைப் பொத்தான் போடும்போதும், பேங்கில் கையெழுத்துப் போடும்போதும், மெதுவாக, மெல்லிசாக, ஒரே கோடாக வில்லை இழுக்கும்போதும் அது வந்துவிடும். வீட்டில் மனைவி எஸ்தர் சில மாதமாகத் தம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுக்கிறாள். ஏன் இப்படிக் கஞ்சத்தனம் என்று ஒருநாள் கேட்கக்கூடப் போனார். வாயைத் திறந்தபின்தான் புரிந்தது. திறந்த வாயால் பாதித் தம்ளரைக் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். அவளும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே ம் என்றாள்.

செல்லோக்கள் கீழே நகர்ந்தன, இப்போது வயோலாக்கள் மேலே வரவேண்டும், வந்தன. ஆறு பேருக்குள் ஒளிந்துகொண்டு அவரும் வந்தார். மூன்றாம் வரிசையில் நடைபாதை ஓரத்தில் செல்வின் உட்கார்ந்திருக்கிறான், பார்க்காமலே தெரியும், அந்த வெள்ளைச் சட்டை மட்டும் இருட்டில் தனியாக மினுங்கும். எந்தப் படத்துக்கு யார் வாசிப்பது என்று கூப்பிடுகிறவன் செல்வின்தான், ஊரில் இருக்கிற வில்லெல்லாம் அவன் போனில் இருக்கிறது. ராஜமாணிக்கத்தையும் அவன்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ராஜமாணிக்கம் செல்லோ வாசித்தவர், காது கொஞ்சம் மந்தமானது, ஒருநாள் கால் சுரம் தள்ளி நின்றார், அவ்வளவுதான். யாரும் அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் ஒன்றுமே சொல்லவில்லை. அண்ணே நல்லாருக்கீங்களா, அண்ணி நல்லாருக்காங்களா, அடுத்த வாரம் ஒரு பெரிய வேலை வருதுண்ணே, சொல்றேன். அந்தச் சொல்றேன் என்ற சொல்லுக்குள் ராஜமாணிக்கம் நாலு வருஷம் உட்கார்ந்திருந்தார். தினமும் குளித்து, சட்டை மாட்டி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவரைப் பார்க்கப் போனபோது செல்லோவின் மேல் ஒரு பெட்ஷீட் போர்த்தியிருந்தது, தூசிக்கு என்றார், ஆனால் தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி கழுத்துவரை போர்த்தியிருந்தார். வேண்டாம். அதை நினைக்காதே. பார் எண்ணு. எங்கே இருக்கிறோம். விசாலி வில்லின் நுனியால் நோட்ஸ் காகிதத்தில் ஒரு அடையாள எழுத்தைத் தொட்டுக் காட்டினாள், இங்கே. முப்பத்திநாலு வயசு அவளுக்கு, இரண்டு வருஷமாகப் பக்கத்து நாற்காலி, பக்கம் திருப்புவது அவள் வேலை. ஸ்டாண்டில் இளையவர்தான் திருப்ப வேண்டும், அது எல்லா ஊரிலும் முறை. நல்ல முறை. அந்த முறை மட்டும் இல்லாதிருந்தால் காகிதத்தின் சரசரப்பே அவரைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

முதல் மூன்று பகுதியும் எவ்வளவு தயவாக இருந்தன. முதல் பகுதி தொடங்கியதே ஒரு இரும்புக் கேட்டும் இன்னொரு இரும்புக் கேட்டும் மோதிக்கொண்டதுபோல. பித்தளை வாத்தியங்கள் ஒரு சுருதியில் கத்த, தந்திகள் அதற்கு அரைச் சுரம் கீழே நின்று நீ யார்ரா என்று கேட்டன. அப்புறம் ஒரு அணிவகுப்பு, ஆனால் ஐந்து எண்ணிக்கை, ஒரு கால் எப்போதும் அந்தரத்தில். உலகச் சண்டை முடிந்து இரண்டு வருஷத்தில் எழுதினதாம், எழுதினவர் கடலோரத்து ஊரில் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த ஆள், வீட்டுக்கு எதிரே பிஸ்கெட் தொழிற்சாலை. இது போதாதா விசாலிக்கு. ஒத்திகைக்கு ஒத்திகை அந்த ஆளைப் பெண்டாட்டியோடு பேச வைத்தாள், அடியே மார்கரெட், ஜன்னலைச் சாத்துடி, மாரி பிஸ்கெட் வாசனையில எனக்கு சோகமே வரமாட்டேங்குது. அவள் வாயில் எல்லோரும் வந்து போவார்கள், மாத்தன், செல்வின், ட்ரம்பெட் வாசிக்கிற கோவாக்காரர், கேன்டீன் ஆயா வரைக்கும். இரண்டாம் பகுதி ஒரு கீர்த்தனை மாதிரி, கொம்பு வாத்தியங்கள் நாலும் சேர்ந்து ஒரு எளிய பாட்டைப் பாடின, சின்ன வயசில் கோயிலில் முழங்காலில் நின்று பாடிய எதையோ போல. ஆனால் ஒவ்வொரு முறை அது வரும்போதும் கீழே தந்திகள் தரையை மாற்றிவிடுகின்றன. அதே பாட்டு, அதே வார்த்தை, நிற்கிற இடம் வேறு. மூன்றாவது தடவை அந்தப் பாட்டுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை, இருந்தாலும் பாடி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தது. மூன்றாம் பகுதி நக்கல். பஸூனும் சைலஃபோனும் முன்னால் வந்த ராகங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நொண்டி நடந்து காட்டின, அந்தக் கீர்த்தனையைக்கூட விடவில்லை, அதையும் சர்க்கஸ் கோமாளி மாதிரி ஓடவிட்டன. அந்த மூன்றிலும் அவர் கை ராஜா மாதிரி வேலை செய்தது. ஆட்டு, அடி, அறு, இழு. ஐம்பத்தெட்டு வயசுக் கையா இது என்று அவருக்கே ஒரு பெருமை. பிறகு ஏசி நின்றது. இந்த நாலாம் பகுதியில் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே உத்தரவு, குரல் உயர்த்தாதே. ஏறுகிற மாதிரி வரும், ஏறாது. அழுகிற மாதிரி வரும், அழாது. வீட்டில் ஒருவர் தூங்குகிறார் என்று மற்றவர்கள் அடிமேல் அடிவைத்து நடக்கிற மாதிரி. ஒவ்வொரு வாத்தியமாக ஓய்ந்து, நாற்காலியை விட்டு எழாமலே போய்விடும்.

ஃப்ளூட் போயிற்று. ஃப்ளூட் வாசிக்கிற பெண் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். ஒத்திகையில் என்ன நடந்தது என்று அவர் நினைத்துப்பார்க்க விரும்பவில்லை, ஆனால் அது தானே வந்து நின்றது. பள்ளிக்கூடச் சாப்பாட்டு ஹாலில் ஒத்திகை, தலைக்குமேல் பன்னிரண்டு மின்விசிறி, ஒவ்வொன்றும் ஒரு லாரி. கடைசிப் பக்கம் வந்தது, மற்ற நாலு வயோலாக்களும் நின்றன, அருள்தாஸ் திரும்பிப் பார்த்து, ஞானண்ணே, உங்களுக்குன்னே எழுதியிருக்கான் பாருங்க என்று சிரித்தான். அவர் வில்லைத் தந்திக்கு ஒரு நூல் மேலே வைத்து இழுத்தார். இழுத்தார் என்றால் காற்றில் இழுத்தார். சினிமாவில் எல்லோரும் எப்போதாவது செய்ததுதான்; நோட்ஸ் புரியவில்லை, பார் தவறிவிட்டது என்றால் வில்லைத் தொடாமல் மற்றவர்களோடு கூடவே போய்வருவது, யாருக்குத் தெரியும். விசாலியின் சுரம் மட்டும் தனியாகக் கேட்டது. மின்விசிறி இரைச்சலில் கீழ்ச் சுரம் இருக்கிறதா இல்லையா என்று மாத்தனால் கண்டுபிடிக்க முடியவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டான். மனோகரம், ரொம்ப சமாதானம், கீழே கொஞ்சம் கம்மியா இருக்கு, ஹால்ல கேட்கும் என்று சொல்லிவிட்டு முதல் பகுதிக்குத் திரும்பிப் போய்விட்டான். சமாதானமாகத்தான் இருந்தது. டபுள் பாஸ்கள் போகும்போது வைத்துவிட்டுப் போகிற சுரமும் விசாலியின் சுரமும் ஒன்றுதான், அதனால் அது தனியாக ஒலித்தால் வீட்டுக்கு வந்து சேர்ந்து செருப்பைக் கழற்றின மாதிரி இருக்கும். அவருடைய சுரம் அதற்கு அரைச் சுரம் கீழே. இரண்டும் சேர்ந்தால் செருப்பைக் கழற்ற முடியாது. வந்தவன் வாசற்படியிலேயே நிற்பான், உள்ளே வரமாட்டான், போகவும் மாட்டான். இவ்வளவுக்கும் அது விரலே வைக்க வேண்டாத வெறும் தந்தி. முதல் நாள் வகுப்புக்கு வருகிற குழந்தை வாசிக்கும். வில் மட்டும்தான். வில்லை நேராக இழுத்தால் போதும், அது ஒன்றுதான் அவரால் முடியாது. அன்றைக்கு விசாலி யார் குரலிலும் பேசவில்லை. இன்றைக்கு இடைவேளையில், மேடைக்குப் பின்னால் சமோசாத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் சொந்தக் குரலில் பேசினாள். அந்தக் குரல் இவ்வளவு சின்னது என்பது அவருக்கு அதுவரை தெரியாது.

"அண்ணே, இன்னிக்கி வாசிப்பீங்கல்ல?"

வாசிக்காமல் சமோசா சாப்பிடவா வந்திருக்கேன் என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"கை நடுங்குறது எனக்குத் தெரியும். ரெண்டு வருசமா பக்கத்துல உக்காந்திருக்கேன், தெரியாதா? நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன். ஆனா நீங்க வாசிக்கலைன்னா அது வேற பாட்டுண்ணே. அந்த ஆளு எழுதினது இல்ல."

கை வலி என்றார் அவர். தோள்பட்டை, மழைக்காலம், அப்படி இப்படி என்றார். நீ கொஞ்சம் அழுத்தி வாசி, உன் சத்தத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரிண்ணே உங்க இஷ்டம் என்று போனாள். சரிண்ணே உங்க இஷ்டம். அதில் கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு அவரும் கோபப்பட்டிருக்கலாம். கோபம் இல்லை. ஓபோ போயிற்று. கிளாரினெட் அந்தக் கீர்த்தனையின் முதல் நாலு சுரத்தை மட்டும் சொல்லிவிட்டு மறந்துபோன மாதிரி நிறுத்தியது. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கின் பக்கமாக வந்து நின்றது, துடைக்கக் கை இல்லை. என்ன நஷ்டம், யோசித்துப் பார். வில்லைத் தூக்கிப் பிடித்தால் யாருக்கு நஷ்டம். இங்கே வந்திருக்கிற எழுநூறு பேரில் இந்தச் சிம்பொனியை முன்னால் கேட்டவர் எத்தனை பேர். ஒருவர்கூட இருக்கமாட்டார். எல்லோரும் சமாதானமாக வீட்டுக்குப் போவார்கள். பிறகு செல்வின் திங்கட்கிழமை கூப்பிடுவான், புதன்கிழமை கால்ஷீட், பின்வரிசை, ஆறில் ஒன்று, கனம் சேர்க்கிறவன். இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். இரண்டு வருஷம் ஓட்டலாம். ஓட்டி. ஓட்டி என்ன. வாசித்தால் கேட்கும், ஏசி இல்லை, பஸ்கூட இல்லை, அந்த நடுக்கம் பெருமாள் கோயில் மணி மாதிரி கடைசி வரிசைவரை கேட்கும், செல்வினின் காது ஊசிக்காது. வாசிக்கமாட்டேன். சரி, முடிவு பண்ணியாயிற்று, வாசிக்கமாட்டேன். விசாலி பக்கத்தைத் திருப்பினாள். கடைசிப் பக்கம். லண்டனிலிருந்து வாடகைக்கு வந்த பழைய காகிதம், பழுத்துப்போய், ஓரத்தில் இதற்கு முன்னால் வாசித்தவர்கள் பென்சிலில் கிறுக்கின கிறுக்கல்கள், எந்தெந்த ஊரிலோ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். நாற்பத்திமூணு நிமிஷம் என்று ஒருவர். குளிர் என்று ஒருவர். ரயில் பத்தேகாலுக்கு என்று ஒருவர். கடைசி ஆறு பாருக்குமேல், மூன்று வேறு கையெழுத்தில், மூன்று வேறு வருஷத்தில், ஒரே வார்த்தை, ஒன்றின் கீழ் ஒன்றாக: பயம். பயம். பயம்.

இதை ஒத்திகையில் அவர் கவனிக்கவே இல்லையே. கண்ணில் பட்டிருக்கும், படிக்கவில்லை. யார் இவர்கள். இவர்களுக்கு என்ன நடுங்கியது. கொம்புகள் கடைசியாக ஒரு மூச்சு விட்டுவிட்டு நின்றன. இரண்டாம் வயலின்கள் நின்றன. முதல் வயலின்கள் ஏணியில் கடைசிப் படியில் ஒரு கால் வைத்த மாதிரி நின்று, அந்தக் காலையும் எடுத்துவிட்டன. மாத்தனின் இடது கை மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்தது. செல்லோக்கள். முன்னால் அருள்தாஸும் மற்ற மூவரும் வில்லை முழங்காலில் இறக்கி வைத்தார்கள், நாலு முதுகுகள் அசையாமல் நின்றன. டபுள் பாஸ்கள் அந்தச் சுரத்தை வைத்தன. வைத்துவிட்டு, போய்விட்டன. மாத்தன் நிமிர்ந்து, அத்தனை பேரின் தலைக்கும் மேலாக, நேராகக் கடைசி ஸ்டாண்டைப் பார்த்தான். விசாலி தொடங்கினாள். ஒரு முடியிழை போல, ஆடாமல், அசையாமல், சுத்தமாக, வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி. அவர் வில்லை நகர்த்தினார், காற்றில், ஒரு நூல் மேலே. ஒன்று. இரண்டு. அழகாகத்தான் இருந்தது. மிக அழகாக இருந்தது. எல்லோரும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று. அது பொய் என்று தெரிந்தவர்கள் இந்த அரங்கத்தில் இரண்டு பேர், மாத்தனின் புருவம் சுருங்குகிறது, மூன்று பேர். அவர் கையை இறக்கினாரா, கை தானே இறங்கியதா, பின்னால் எஸ்தரிடம் சொல்லும்போதுகூட அவரால் அதைச் சரியாகச் சொல்ல முடியாது. வில் தந்தியைத் தொட்டது.

நடுங்கியது. அவர் நினைத்ததைவிட மோசமாக நடுங்கியது. கரகரவென்று, சின்னச் சின்னத் துண்டுகளாக, பேச வாய் வராதவன் பேசுவதுபோல அந்தச் சுரம் விசாலியின் சுரத்துக்குக் கீழே வந்து உரசி நின்றது. யாரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வது கேட்டது. அவருக்கு எல்லாமே கேட்டது. நான்கு. நிறுத்து என்றது ஒரு குரல், செல்வின் குரலா, ராஜமாணிக்கம் குரலா, தன் குரலா. ஐந்து. மணிக்கட்டுக்குள் இருப்பவன் தட்டிக்கொண்டே இருந்தான், தட்டட்டும், கதவு திறந்துதான் இருக்கிறது. ஆறாவது பாருக்குமேல் தானாக அடங்கும்வரை என்று எழுதியிருக்கிறது, அதனால் மாத்தன் நிறுத்தச் சைகை காட்டமாட்டான், கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். விசாலியின் சுரம் மெலிந்து மெலிந்து இல்லாமல் போனது. அவருடையது போகவில்லை. நடுங்குகிற வில் தந்தியைத் தூங்கவிடாமல் கிள்ளிக் கிள்ளி எழுப்பிக்கொண்டே இருந்தது. அறுபது பேரும், எழுநூறு பேரும், ஏசி இல்லாத அந்தப் புழுக்கத்தில், அவர் கை அடங்குவதற்காகக் காத்திருந்தார்கள். அது இன்றைக்கு அடங்காது என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவரே வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தார்.

மாத்தனின் கை இறங்கியது. முதலில் பால்கனியில் ஒருவர் கைதட்டினார், பிறகு ஒரு பகுதி, பிறகு எல்லோரும். மாத்தன் சபையைப் பார்த்துக் குனிந்தான், நிமிர்ந்தான், தனியாக வாசித்தவர்களை எழுப்பிக் காட்டுவது வழக்கம், ட்ரம்பெட்டையும் கிளாரினெட்டையும் விட்டுவிட்டு முதலில் பின்வரிசையை நோக்கிக் கையை நீட்டினான். விசாலி எழுந்துவிட்டாள். எழுந்திருங்கண்ணே, உங்களத்தான். இடது கையில் வயோலா, வலது கையில் வில், எதையும் கீழே வைக்க இடமில்லை, முன்னால் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள், மேல் விளக்கின் வெளிச்சம் நேராக அவர்மேல் விழுந்தது. ஞானாதிக்கம் எழுந்து நின்றார். வில்லின் நுனி கறுப்புத் திரைக்கு முன்னால் வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது, கடைசி நாற்காலிக்காரனுக்கும் தெரிகிற அளவுக்கு. மூன்றாம் வரிசையில் செல்வின் கைதட்டிக்கொண்டிருந்தான். அவன் பார்வை அந்த நுனியில் வந்து நின்றது, தட்டுகிற கைகள் மெதுவாகி, மெதுவாகி, ஒன்றின்மேல் ஒன்றாக மடியில் இறங்கின. அவர் அவனையே பார்த்தார். வில்லைத் தாழ்த்தவில்லை.